அவுட்பாக்ஸில் ஒன்று

கம்ப்யூட்டரில் மெயில் சர்வரின் பெயரைத் திருத்தி அடித்த மெக்கானிக், “போன ஆடியிலேர்ந்து உங்க மெயில் எதுவுமே வெளியே போகலை மேடம். இது ஒண்ணு அவுட்பாக்ஸ்லயே நிக்குது பாருங்க,” என்றார்.

சுகந்தி குனிந்து பார்த்தாள். அம்மாவின் கடைசி நாட்களில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதிய மெயில். அத்தனையையும் படித்துவிட்டுத்தான் அக்கா பொங்கலுக்குப் புடவையோடு வந்து சிரித்தாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்த ஒன்றுக்காகவே அக்காவை முழுவதுமாக மன்னித்திருந்தாள்.

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “சுகந்தி, அவருக்குக் காபில சக்கரை போடலாமான்னு கேளுடி.”

“இப்ப சரியாயிடுச்சு மேடம். இதை அனுப்பிடவா, அழிச்சிடவா?” என்றார் மெக்கானிக்.

சுகந்தி மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.