தழும்பு தெரியாது

யுத்தத்தில் அடிபட்ட சிப்பாய்களின் மூக்கைச் சரிசெய்த டாக்டர் கல்மண்டபம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கட்டுமரக்காரன் வேம்புலி வந்திருந்தான். தோளில் மகள் கன்னிம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

“மொகத்துல கத்தி படாம மூக்க மாத்தலாமாமே, டாக்டரய்யா?”

“மூக்குக்குள்ளேயே கீறி, எலும்பை உள்ளிருந்தே செதுக்குவேன். வெளியே தழும்பு தெரியாது.”

“ரொம்ப நோவுமா?”

“மரத்துப்போக ஊசி போடுவேன். வீக்கம் வடியக் கொஞ்ச நாளாகும்.”

“அப்ப செஞ்சிடுங்க. தெருப் பசங்க மூக்க வெச்சே கேலி பண்ணிக்கினு கீறானுங்க. புள்ள தெனம் அழுவுது.”

டாக்டர் சிறுமியின் சப்பை மூக்கைப் பார்த்தார். “இவ்வளவு சின்னக் குழந்தைக்குச் செய்யக் கூடாதப்பா. எலும்பு வளரணும்.”

“அது மூக்குக்கு இன்னா கொறச்சல்? எனக்குப் பண்ணுங்க.” வேம்புலி தன் புடைத்த மூக்கைத் தொட்டுக் காட்டினான். “இத்த அது மூக்காட்டம் ஆக்கிடுங்க.”

“எதுக்கு?”

குழந்தை தூங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, வேம்புலி குரலைத் தாழ்த்தினான்.

“என்கூட கட்டுமரத்துல வந்த தோஸ்து பொண்ணு இது. அவன் கடலோட பூட்டான். அது இதுக்குத் தெரியாது. ‘உன் நைனா மூக்கு உனக்கு இல்லியே, நீ யாரு பொண்ணு’ன்னு பசங்க கேக்குறானுங்க. வூட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னுகினு, மூக்க இழுத்து இழுத்துப் பாக்குது, டாக்டரய்யா.”