கவிஞர் அறையின் குப்பைக்கூடை

அரசவைக் கவிஞர் என்ற பதவி உண்டானபோது அந்த அறைக்கு நாற்காலியும் குப்பைக்கூடையும் வந்தன. கூடைக்கு முதல் கவிஞரை மறக்கவே முடியவில்லை. ராஜாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்துப்பா கேட்டால் மனிதர் எழுதுவார், கசக்குவார், மறுபடி எழுதுவார். பொழுது சாய்வதற்குள் கூடை நிரம்பி வழியும். அடுத்து வந்த நான்கு கவிஞர்கள் ஒரு தாளைக்கூடக் கசக்கவில்லை.

“எடுத்த எடுப்பிலேயே எழுதி முடிச்சுடறாங்க. என்ன திறமை!” என்று நாற்காலி மெச்சும். கூடை காலியாகவே கிடக்கும்.

இன்று ஆறாவது கவிஞராக ஓர் அம்மாள் வந்தார். எழுதினார், வாசித்துப் பார்த்தார், முகம் சுளித்தார். மை காயாத தாள் ஒன்று கசங்கிக் கூடைக்குள் விழுந்தது.

“பாவம், இந்தம்மாவுக்கு எழுத வராது போல,” என்றது நாற்காலி.

“சும்மா இருங்கண்ணே.” கூடை அந்தத் தாளைப் பத்திரமாக அணைத்துக்கொண்டது. “முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு கவிஞர் வந்திருக்காங்க.”