நாலாவது சந்து

குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வார்டு கூட்டத்துக்கு வந்திருந்தாள் பேச்சியம்மாள். அந்த வார்டின் தெருக்களைப் பெருக்குகிறவள். குடியிருப்பதும் அங்கேதான். ஒரு மணி நேரமாக எல்லோரும் குப்பையைப் பற்றியே குறை சொன்னார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைத் தூக்கியதும் கவுன்சிலர், “குப்பை விஷயம் எழுதியாச்சும்மா, உக்காரு” என்றார்.

“குப்பை இல்லைய்யா. எங்க சந்துக்குப் பதினோரு நாளாத் தண்ணி வரல.”

“அத உன் சூப்பர்வைசர்கிட்ட சொல்லு.”

“உங்களுக்கு ஓட்டுப் போட்டது அவரு இல்லையேய்யா, நான்தானே?”

கவுன்சிலர் பேனாவைத் தேடினார். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன, ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். விடியலிலிருந்து குனிந்த முதுகு விண்ணென்று வலித்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

“எழுதுங்கய்யா” என்றாள். “நாலாவது சந்து. முப்பத்தாறு வீடு.”