நான்கு முறை செத்த சித்தப்பா

செங்கல் சூளையில் வேலை பார்த்தபோது கழுதைக்கு லீவு கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். அப்படி அது தன் சித்தப்பாவை மட்டும் நான்கு முறை சாகடித்திருந்தது.

பிறகு யானை நடத்தும் மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது. ஒரு மாதம் போனதும், சாம்பல் மேட்டில் ஆசை தீரப் புரள வேண்டும் போலிருந்தது. பழக்கதோஷத்தில், "அக்கா, சித்தப்பா தவறிட்டார். ஒரு நாள் லீவு வேணும்" என்றது.

யானைக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு நாள் எடுத்துக்கோ. உன் வேலையை நான் பாத்துக்கறேன்."

கழுதை நன்றாகப் புரண்டுவிட்டு, உடம்பெல்லாம் சாம்பலாக வீட்டுக்கு வந்தது. வாசலில் யானை மாலையோடு நின்றிருந்தது. சித்தப்பா அந்த மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

வேலை போச்சு என்று கழுதை காதைத் தொங்கப்போட்டது.

"சாம்பல் மேடா?" என்றது யானை.

"ஆமாக்கா. புரளணும்னு சொன்னா யார் லீவு தருவாங்க?"

"என்கிட்ட கேட்டுப் பாத்தியா?"

கழுதை உடம்பை உதறியது. சாம்பல் பறந்தது.

யானை பெருமூச்சு விட்டது. "நான் புழுதியில குளிச்சே ஆறு மாசம் ஆச்சு. உனக்கு இன்னும் ரெண்டு நாள் லீவு இருக்கே, நாளைக்கு நானும் வரட்டுமா? ஆனா கடை ஏன் பூட்டியிருக்குன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது?"

சித்தப்பா கடைசிப் பூவை விழுங்கினார்.

"நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க. எனக்குப் பழகிடுச்சு."