தொலைந்த பேட்ஜ்

முதல் உலகப் போர் நடந்த சமயம். மெல்பர்ன் டிராமில் ஏறிய பிறகுதான் ஹெட்லி கோட்டின் மார்பைத் தடவிப் பார்த்தான். பேட்ஜைக் காணோம்! பட்டாளத்தில் சேரப் போனவனை, உயரம் போதாதென்று திருப்பி அனுப்பியதற்கு அரசாங்கம் கொடுத்த அத்தாட்சி அது.

எதிர் இருக்கை அம்மாள் பிடித்துக்கொண்டாள். "என் ரெண்டு பிள்ளைங்களும் பிரான்ஸுல சண்டையில கிடக்காங்க. நீ சொகுசா டிராம்ல போறியாக்கும்?"

"நானும் போனேம்மா... பேட்ஜ் தொலைஞ்சுபோச்சு."

"அதெப்படிப்பா, எல்லாருக்கும் அது மட்டும் தொலையுது?"

டிராமே சிரித்தது. அடுத்த நிறுத்தத்தில் குதித்தவன், ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு ஓடினான்.

"சார், வேற பேட்ஜ் குடுங்க. தெருவுல தலைகாட்ட முடியல."

"மறுபடி அளந்துட்டுத்தான் தரணும். சுவரோட நில்லு," என்றார் சார்ஜெண்ட். அளந்தார். "அதே அஞ்சடி மூணு அங்குலம்."

"அப்பாடா! அப்ப பேட்ஜ்?"

"கிடையாது. நீ வளரல தம்பி, மேலிடத்துல அளவைக் குறைச்சுட்டாங்க. இப்ப அஞ்சடி ரெண்டு போதும். கோட்டைக் கழட்டு, டாக்டர் பார்க்கணும்."

கோட்டைக் கழற்றினான். கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து ஏதோ விரலில் சுருக்கென்று குத்தியது. பேட்ஜ்!

"கிடைச்சிருச்சு சார்! நான் கிளம்பறேன்!"

சார்ஜெண்ட் கையை நீட்டினார்.

"அதை இப்படிக் குடு. இனிமே யூனிஃபார்ம்ல உன்னை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."