மீனுக்குப் பிரசவம்

“பொண்டாட்டி சுருண்டு படுத்துக் கிடக்கா. இவன் என்னடான்னா மீனுக்குப் பிரசவம் பார்க்கறான்!”

செலின் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. மருமகன் காதில் நன்றாக விழட்டும் என்றே சொன்னாள்.

விழுந்ததோ இல்லையோ, ஆண்ட்ரூ திரும்பிப் பார்க்கவில்லை. தொழிற்சாலை வேலை முடிந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் மீன் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த முட்டைகளை விரல் நுனியால் உருட்டி எடுத்து, பக்கத்திலிருந்த தண்ணீர் டப்பாவில் போட்டான். தொட்டியின் அடியில் மீசை வைத்த குட்டிக் கெளுத்திகள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.

“முட்டைய எதுக்கு அதுங்ககிட்டேர்ந்து பிரிக்கிறே?”

“விட்டு வச்சா பெத்ததுங்களே தின்னுடும் அத்தை.”

“நல்ல குடும்பம்!”

“விடும்மா லா,” என்றாள் ஷெர்லீன், சோபாவில் படுத்தபடியே.

எப்படி விடுவது? கிளேபாங்கில் நாசி லெமாக் சோற்றுக் கடை போட்டிருக்கிறாள் செலின். நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப்போகும். அந்தக் கடையையும் மூடிப்போட்டுவிட்டு டுரியான் துங்காலில் மகள் வீட்டுக்கு வந்து அவளுக்குச் சமைத்துப் போடுகிறாள். இரண்டாவது முறையும் ஷெர்லீன் வயிற்றில் தங்கவில்லை. ஐந்து மாதம் சுமந்த பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை.

இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா? மலாக்கா டவுனுக்குப் போய் மீன் வாங்கி வந்து குஞ்சு பொரிக்க வைக்கிறானாம், குஞ்சு! கல்நெஞ்சுக்காரன்.

“நாளைக்கு இவளை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றாள் செலின். “கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும். நீ உன் மீனுங்களோட குடும்பம் நடத்து.”

“சரி அத்தை.”

அவ்வளவுதான். ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்று ஒரு வார்த்தை தடுக்க வேண்டுமே! ம்ஹூம்.

ஷெர்லீன்தான் தலையைத் தூக்கினாள். “நான் வரலம்மா. இந்த முட்டையெல்லாம் பொரிக்கட்டும். அப்புறம் வர்றேன்.”

“அடியே, உனக்குமா கிறுக்குப் பிடிச்சிருக்கு?”

மறுநாள் ஆண்ட்ரூ விடியுமுன்னே போய்விட்டான். யாரோ வேலைக்கு வரவில்லையாம், அவசரமாகக் கூப்பிட்டார்களாம். நல்லதாய்ப் போயிற்று என்று செலின் மகளின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. அவன்தான்.

“அத்தை, ஷெர்லீன் எழுந்திரிச்சிட்டாளா?”

“இன்னும் இல்ல. ஏன்?”

“ஒரு உதவி அத்தை. முட்டை டப்பாவுல வெள்ளையாப் போனது கொஞ்சம் கிடக்கும். கரண்டியால எடுத்துக் கொட்டிருங்க. கொஞ்சம் சீக்கிரம்.”

செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்ப்பா, வேலைக்குப் போயும் மீன் நெனைப்புதானா? கட்டினவ சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் தள்ளிப் போனது; அவன் ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

“மீனுக்காக இல்ல அத்தை. வெள்ளையாப் போனா அது செத்த முட்டை. அவ எழுந்ததும் நேரா அந்த டப்பாகிட்டதான் போவா. தினமும் அதுக்கு முந்தியே நான் எடுத்துப் போட்டுருவேன். இன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேன். செத்தது ஒண்ணுகூட அவ கண்ணுல படக்கூடாது அத்தை.”

செலின் கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள்.

மாதாவே, இத்தனையா! பாதிக்கு மேல் வெள்ளையாகிப் பஞ்சு பூத்துக் கிடந்தது. கண்ணை மறைத்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வழித்தெடுத்தாள். கடைசியாக நாலைந்து எடுக்கும்போது பின்னால் அறைக் கதவு திறக்கும் சத்தம். கரண்டியில் இருந்ததைக் கைக்குள் கொட்டி மூடிக்கொண்டாள்.

ஷெர்லீன் கலைந்த தலையோடு வந்து டப்பா முன்னால் குந்தினாள். பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

“பாரேன்மா, இன்னிக்கும் ஒண்ணுகூடக் கெட்டுப்போகல. நமக்கும் ஒண்ணு தங்கும், இல்லம்மா?”

செலின் ஈரக் கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

“தங்கும்டி. மாப்பிள்ளை கை ராசியான கை.”