கஸிமிர் இங்கே வரவில்லை

மில்வாக்கியில் எங்கள் தெரு பாருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்தப் பெண் வந்து எந்த ஆம்பளையைத் தேடிக் கேட்டாலும், "இங்க வரலியே" என்று சொல்லிவிட வேண்டும்.

அன்று கேமராவும் கையுமாக ஒருத்தி உள்ளே வந்தாள். வால்டர் பழக்கதோஷத்தில் மேசைக்கடியில் புகுந்துகொண்டான்.

"கஸிமிரைத் தெரியுமா?" என்றாள்.

பீர் ஊற்றிக்கொண்டிருந்த செஸ்டர் நிமிரவே இல்லை. "அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா."

"பேரே இப்பதான் கேள்விப்படுறோம்!" என்றோம் நாங்களும்.

"ஒரு தடவைகூட வந்ததில்லையா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல," என்றார் செஸ்டர்.

"பழைய பார்களோட வரலாறு எழுதுறேங்க. நூறு வருஷத்துக்கு முன்னால இந்தக் கடையத் தொறந்தவரே அவருதான். வாசல் போர்டுலயே பேரு இருக்கே!"

செஸ்டர் அசரவில்லை.

"ஓ, அவரா? இப்பத்தாம்மா வீட்டுக்குக் கெளம்பிப் போனாரு."